வீட்டுக்கு விலை கேட்கும்முன்

மறுவிற்பனை வீடு வாங்க விரும்புவோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “எவ்வளவு கூட்டிக் கேட்டால் வீடு நமக்குக் கிடைக்கும்?” ஒரே வீட்டைப் பார்க்க நான்கைந்து குடும்பங்கள் வரிசையில் நிற்கும்போது இந்தப் பதற்றம் இயல்பே. ஆனால், அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. “கையில் ரொக்கம் எவ்வளவு இருக்கிறது?”

முன்பெல்லாம் வீட்டின் மதிப்பீடு முதலில் தெரியும். அதற்குமேல் எவ்வளவு ரொக்கம் என்று பேரம் பேசினார்கள். 2014 மார்ச் மாதம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இந்த முறையை மாற்றியது. இப்போது முதலில் விலை பேசி முடிக்க வேண்டும். விற்பவர் ‘ஆப்ஷன்’ எனும் வாங்கும் உரிமைப் பத்திரத்தைக் கொடுத்த பிறகே, அடுத்த வேலை நாளுக்குள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 600,000 வெள்ளிக்கு விலை பேசுகிறீர்கள். மதிப்பீடு 580,000 வெள்ளி என்று வருகிறது. கழகக் கடன், விலை, மதிப்பீடு இரண்டில் குறைந்த தொகைக்கே கணக்கிடப்படும். அதில் அதிகபட்சம் 75 விழுக்காடு, அதாவது 435,000 வெள்ளி கிடைக்கலாம். மீதி 145,000 வெள்ளிக்கு மத்திய சேம நிதியைப் பயன்படுத்தலாம். ஆனால் இடைவெளியாக உள்ள 20,000 வெள்ளியை ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். முத்திரை வரி 12,600 வெள்ளி தனி. பிள்ளைகளின் படிப்புக்கோ அவசரத்துக்கோ வைத்திருக்கும் சேமிப்பு கரைவது இந்த இடத்தில்தான்.

ஆகவே, வீடு பார்க்கப் போகுமுன்பே உச்ச விலையைக் குடும்பத்தோடு பேசி எழுதி வையுங்கள். அதே வட்டாரத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையைக் கழகத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். மாடி, எஞ்சியுள்ள குத்தகை ஆண்டுகள் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

மதிப்பீடு மிகவும் குறைந்துவிட்டால் விலகவும் வழி உண்டு. ஆப்ஷன் கட்டணம் 1 வெள்ளி முதல் 1,000 வெள்ளி வரைதான். 21 நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் அந்தத் தொகை மட்டுமே போகும். கையெழுத்திட்டு உறுதிசெய்த பிறகு பின்வாங்குவது எளிதன்று.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இன ஒருங்கிணைப்புக் கொள்கை. 1989 முதல் இது நடப்பில் உள்ளது. ஒரு புளோக்கிலோ அக்கம்பக்கத்திலோ இந்தியர், இதர இனத்தவருக்கான விகிதம் நிரம்பியிருந்தால், அதே பிரிவைச் சேர்ந்தவரிடமிருந்துதான் நாம் வாங்க முடியும். அங்கே சீனருக்கான விகிதம் நிரம்பியிருந்தாலோ, வீட்டை விற்கும் இந்தியர் சீனருக்கு விற்க இயலாது. வாங்குவோர் குறைவதால் பேரம் பேசச் சற்று இடமுண்டு. இந்த விவரம் மாதந்தோறும் முதல் தேதி மாறும். விலை பேசுமுன் சரிபாருங்கள்.

விற்பவர் விலையை மட்டும் பார்ப்பதில்லை. காரியம் தடையின்றி முடியுமா என்றும் பார்ப்பார். வீவக வீட்டுத் தகுதிக் கடிதம் கையில் இருந்தால் உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கூடும். அது இல்லாமல் ஆப்ஷன் பெறவும் இயலாது. அடுத்த வீடு வாங்கியிருக்கும் விற்பவர், ஒப்படைப்புக்குப் பின் சில வாரங்கள் தங்கிக்கொள்ள விரும்பலாம். அதிகபட்சம் மூன்று மாதம்வரை இருவரும் இசைந்து அனுமதி பெறலாம். இந்த விட்டுக்கொடுத்தல் சில ஆயிரம் வெள்ளிக்கு ஈடாக அமையக்கூடும்.

அடுத்தவர் கூட்டிக் கேட்கிறார் என்று முகவர் சொன்னாலும், எழுதி வைத்த உச்ச விலையைத் தாண்டாதீர்கள். வேறு வீடு கிடைக்கும். கரைந்த சேமிப்பைத் திரும்பச் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.