விடியுமுன்னே வான்கோழி வேட்டை!
ஏப்ரல் பிறந்துவிட்டால், அமெரிக்காவில் மிசூரி மாநிலத்துக் கிராமங்களில் பல வீடுகளில் விடியுமுன்பே விளக்கு எரியும். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் காட்டுக்குப் புறப்படுகிறார்கள். காட்டு வான்கோழி வேட்டைக்கு!

இலை நிற உடுப்புடன் பெரிய மரத்தில் சாய்ந்து உட்கார வேண்டும். அசைந்தால் போச்சு! வான்கோழிக்கு மோப்பம் குறைவு. கண்ணோ மகா கூர்மை. அப்பா ஒரு சிறு மரப்பெட்டியின் மூடியைத் தேய்ப்பார். அச்சாகப் பெட்டைக் கோழியின் குரல்! தூரத்தில் சேவல் பதில் கொடுக்கும். பிள்ளைகளின் நெஞ்சு படபடக்கும்.

சிவப்பு, வெள்ளை, நீலம் உடுத்தக்கூடாது. சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும். வேறு வேட்டைக்காரர் பறவை என்று எண்ணிச் சுட்டுவிட்டால்?

காடு அழிந்தது, கண்டபடி சுட்டார்கள். 1952-ல் மிசூரியில் மிஞ்சியவை 2,500-க்கும் குறைவு. அரசாங்கம் காட்டுப் பறவைகளைப் பிடித்துப் புதிய இடங்களில் விட்டது. 1960-ல் 3 நாள் மட்டும் வேட்டைக்கு அனுமதி. விழுந்தவை 94! இன்றோ லட்சக்கணக்கில் திரிகின்றன.

சிறுவர்களுக்கென்று முதலில் தனி நாட்களும் உண்டு. பல நாள் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். ஆனாலும் பிள்ளைகள் வீட்டில் பெட்டியைத் தேய்த்துப் பழகுவதை விடுவதில்லை. நாய்க்குத்தான் தூக்கம் கெடும்!