மண்சரிவும் மனிதாபிமான வேண்டுகோளும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

பேரழிவு நேர்ந்தவிடத்து ஓர் அரசு உலக நாடுகளை நோக்கி விடுக்கும் உதவி வேண்டுகோளை இரக்கத்தின் மொழியிலேயே விளங்கிக்கொள்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. கொடுப்போரின் பெருந்தன்மை, பெறுவோரின் நன்றியுணர்வு என்பனவற்றுக்கு அப்பால் அப்பேச்சு செல்வது அரிது. ஆயின், வேண்டுகோள் என்பது அடிப்படையில் ஓர் ஆவணம். அதற்கு எழுவாய் உண்டு, கணக்கு உண்டு, எது இழப்பு, எவர் இழந்தவர் என்பன பற்றிய முன்முடிவுகளும் உண்டு. அம்முன்முடிவுகள் ஊவாப் பெருந்தோட்டங்களில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதே இங்கு நோக்கப்படுகின்றது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். களனி கங்கை பெருகிக் கொழும்பின் புறநகர்கள் நீரில் மூழ்கின. கண்டி, நுவரெலியா, மாத்தளை, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து சர்வதேச உதவியைக் கோரினார். இந்தியா ‘சாகர் பந்து’ என்னும் பெயரில் கப்பல்களிலும் விமானங்களிலும் பொருட்களையும் மீட்புக் குழுக்களையும் அனுப்பியது. டிசம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனம் 3 கோடி 53 இலட்சம் டொலர் கோரி ஒரு மனிதாபிமானத் திட்டத்தை வெளியிட்டது. உலக வங்கி நேரடிப் பௌதிகச் சேதத்தை மட்டும் ஏறத்தாழ 410 கோடி டொலர் என மதிப்பிட்டது. முன்னையது சில மாதகால அவசரத் தேவைக்கான தொகை என்பது உண்மையே. எனினும் கோரப்பட்டது சேதத்தின் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு என்பது மனங்கொள்ளத்தக்கது. நிவாரணம் வேறு, மீள்கட்டுமானம் வேறு என்ற பிரிவினை இவ்வெண்களிலேயே பொதிந்துள்ளது. முன்னையது நன்கொடையாக வருகின்றது. பின்னையதன் பெரும்பகுதி கடனாக வருகின்றது.

இவ்வேண்டுகோளின் சட்ட அடிப்படை, 1991 டிசம்பர் 19 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182 இலக்கத் தீர்மானமாகும். பாதிக்கப்பட்ட நாட்டின் சம்மதத்துடன், கொள்கையளவில் அந்நாட்டின் வேண்டுகோளின் அடிப்படையில், மனிதாபிமான உதவி வழங்கப்படவேண்டும் என்பது அதன் சாரம். காலனித்துவத்திலிருந்து விடுபட்ட நாடுகளுக்கு இவ்விதி ஒரு காப்பு. உதவியின் பெயரால் நிகழும் தலையீட்டுக்கு அது தடையாகின்றது. ஆனால், வேண்டுகோளின் எழுவாய் எப்போதும் அரசே என்பதும் இதன் மறுபக்கம். வெள்ளத்தில் நிற்பவர் எழுவாயாவதில்லை. 2018 கேரள வெள்ளத்தின்போது வெளிநாட்டு அரசுகளின் உதவியை ஏற்பதில்லை என்று இந்திய மத்திய அரசு முடிவு செய்தது. கேரள மக்களோ அவர்களது மாநில அரசோ அம்முடிவை மாற்ற இயலவில்லை.

அரசு எழுவாயாகுமிடத்து அதன் கணக்கே வேண்டுகோளின் உள்ளடக்கமாகின்றது. இலங்கையில் அக்கணக்கு கிராம அலுவலரிடமிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து மாவட்டச் செயலகத்துக்கும், இறுதியில் கொழும்புக்கும் ஏறிச் செல்வது. இவ்வேணியின் அடிப்படியில் தோட்டத் தொழிலாளர் நிற்கும் இடம் வரலாற்றால் தீர்மானிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. அந்நிலையை முடிவுக்குக் கொண்டுவருதற்கான சட்டம் 2003இலேயே நிறைவேறியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் சேவையாற்றுவதற்குத் தடையாயிருந்து 2018இலேயே திருத்தப்பட்டது. குழாய்நீருக்கும் பாதைக்கும் தோட்ட நிர்வாகத்தை நாடவேண்டியிருந்த ஒரு மக்கட்பிரிவு, அனர்த்தம் நேர்ந்த மறுகணமே அரச பதிவேட்டின் முழுமையான உறுப்பினராகிவிடும் என எதிர்பார்ப்பது இயலாது.

இதனை மீரியபெத்தயிற் கண்டோம். கொழும்பிலிருந்து வரும் நெடுஞ்சாலை பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறுகின்றது. மற்றையது கொஸ்லந்த வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. பெரகலயைப் போலவே ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த கொஸ்லந்தையின் மீரியபெத்தத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாகக் கூறப்பட்டது. பின்னர் அவ்வெண் நாற்பதுக்கும் கீழே இறங்கியது. அம்மலைச்சரிவில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதை உடனடியாகச் சொல்ல எவராலும் முடியவில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, செல்வதற்கு நிலம் இருக்கவில்லை. மாற்று வீடுகள் 75 கையளிக்கப்பட்டபோது ஏறத்தாழ ஈராண்டு கழிந்திருந்தது.

பிரச்சினையின் மையம் இங்கேயே உள்ளது. நிவாரணம் என்பது இழந்ததை ஈடுசெய்வது. இழப்பதற்கு முன்னர் உடைமை இருந்திருத்தல் வேண்டும் என்பது அதன் எழுதப்படாத நிபந்தனை. லய அறையோ தொழிலாளியின் உடைமையன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்ட நிலம் அரசுடைமையாயிற்று. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நான்கு, ஐந்து தலைமுறைகளாக வாழ்ந்தவரும் அவ்வறையில் சட்டத்தின் கண்களுக்கு வெறும் குடியிருப்பாளரே.

டித்வாவின் பின்னர் அரசு அறிவித்த திட்டத்தில், முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரையும், காணியற்றோர் காணி வாங்குதற்கு மேலும் 50 இலட்சம் வரையும் இடம்பெற்றமை முன்னைய நடைமுறைகளினும் மேலானது. இதனை மறுத்தல் நேர்மையாகாது. ஆயின், தோட்டப்புறத்தில் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவரிடம் காணி வாங்குவது? சுற்றியுள்ள மலைகள் யாவும் குத்தகை நிலம். சந்தை இல்லாத இடத்தில் சந்தை விலைக்கான கொடுப்பனவு பெருமளவுக்குக் காகிதத்திலேயே நின்றுவிடும். இல்லையேல், தொழிலையும் பாடசாலையையும் உறவையும் விட்டுத் தொழிலாளர் தொலைதூரம் பெயர நேரும். (அவ்வாறான பெயர்வு கம்பனிகளுக்கு உவப்பானதன்று, உழைப்பாளர் லயத்தில் இருத்தலே கொழுந்துக்கு நல்லது.)

இது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 2020 ஆகஸ்டில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் தமிழ்த் தொழிலாளர் 70 பேரைப் புதைத்த மண்ணும் தேயிலைத் தோட்ட லயங்களின்மீதே சரிந்தது. இசையில் இசைவைக் குறிக்கும் ‘லயம்’ என்ற சொல், ஆங்கில ‘லைனு’க்கு ஈடாக இரு மலைத்தொடர்களிலும் வழங்குவது நம் மொழிவரலாற்றின் கசப்பான நகைகளில் ஒன்று. ஆயினும் கேரளத்தில் பின்னர் நிகழ்ந்தது கருதத்தக்கது. 2024 ஜூலை 30இன் வயநாட்டு நிலச்சரிவின்பின் மாநில அரசு கல்பற்றையில் எல்ஸ்டன் தோட்டத்தின் நிலத்தையே, நீதிமன்ற வழக்குகளுக்கிடையிலும், கையகப்படுத்தி, குடும்பமொன்றுக்கு 7 சென்ட் என்ற அளவில் குடியிருப்பை அமைக்க முற்பட்டது. நிலத்தின் அளவு பற்றி விவாதிக்கலாம். தோட்ட நிலமே மீள்குடியமர்வுக்கான நிலம் என்ற கொள்கையே இங்கு முக்கியம். 7 சென்ட் ஏறத்தாழ பதினொரு பேர்ச். நமது மலையக வீடமைப்பில் நெடுங்காலம் பேசப்பட்டதோ 7 பேர்ச்.

சூறாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்னர், 2025 ஒக்டோபரில், இந்திய உதவியிலான வீடமைப்புத் திட்டத்தின் பயனாளிகள் 2,000 பேருக்குப் பண்டாரவளையில் உரித்துப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. வெளிநாட்டு உதவி இங்கு நிலவுரிமையுடன் இணைந்தே வந்தது. எனவே அவ்விணைப்பு இயலாததன்று. ஊவாவின் சரிவுகளுக்காக இனி எழுதப்படும் வேண்டுகோள்களில் கூரைத்தகடும் உலருணவும் போன்று இதுவும் ஒரு விடயமாதல் வேண்டும்: ஆபத்து வலயத்தில் உள்ள லயங்கள் எவை, அவற்றிலுள்ள குடும்பங்கள் எத்தனை, அதே தோட்டத்தில் உறுதியான நிலம் எங்கே உள்ளது என்னும் கணக்கு. சீமெந்துக்கும் கம்பிக்கும் டொலர் தேவைப்படலாம். நிலத்தின் உரிமையாளரோ வேண்டுகோளை எழுதும் அதே அரசு. கம்பனிகளிடம் இருப்பது குத்தகை மட்டுமே. அவ்வளவுக்கு, இக்கோரிக்கையின் முதற்பகுதி நியூயோர்க்குக்கோ ஜெனீவாவுக்கோ அனுப்பப்பட வேண்டியதன்று; பதுளை மாவட்டச் செயலகத்திலேயே அதனைக் கையளிக்கலாம்.