வார இறுதிப் புதுச்சேரியும் வார நாள் புதுச்சேரியும்

சனிக்கிழமை மதியத்துக்கு மேல், புதுச்சேரியின் புல்வார்டு பகுதியில் குடியிருப்பவர்கள் அவசரம் இல்லாமல் காரை வெளியே எடுக்க மாட்டார்கள். எடுத்தால், திரும்பி வரும்போது வாசலில் சென்னைப் பதிவெண்ணோ பெங்களூருப் பதிவெண்ணோ உள்ள வண்டி ஒன்று நிற்கும். அதை ஓட்டி வந்தவர் கடற்கரைச் சாலையில் காற்று வாங்கிக்கொண்டிருப்பார். சுவரில் காகிதப்பூ பூத்திருக்கும் வீடு என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. கல்யாணப் புகைப்படக்காரர் மணப்பெண்ணைப் படியில் உட்கார வைத்து வெளிச்சம் பார்த்துக்கொண்டிருப்பார். காய்கறிப் பையோடு வரும் வீட்டுக்காரர், தன் வீட்டுக்குள் நுழைய ஓரமாக நின்று காத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் அதே வீதியில் பள்ளிக்கூட ஆட்டோக்கள், பால்காரர், அலுவலகத்துக்கு சைக்கிளில் போகும் பெரியவர்கள். இரண்டு ஊர்கள் ஒரே இடத்தில் முறைவைத்துக் குடியிருக்கின்றன என்று சொல்லத் தோன்றும். எது பெரிய ஊர் என்பதில்தான் தகராறு.

நெரிசல் எல்லாச் சுற்றுலாத் தலத்துக்கும் உள்ளதுதான். இங்கே அது கூடுதலாக உறுத்துவதற்கு ஊரின் அளவு ஒரு காரணம். 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி நகராட்சியில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2.4 லட்சம் பேர். அதிலும் வெளியூர்க்காரர்கள் தேடி வருவது, பழைய கோட்டைச் சுவர் இருந்த இடத்தில் ஓடும் புல்வார்டு சாலைகளுக்கு உட்பட்ட ஒரு முட்டை வடிவத் துண்டை மட்டுமே. கடலிலிருந்து அண்ணா சாலைக்கு நடந்தே போய்விடலாம். கட்டம் போட்டதுபோல் நேர்க்கோட்டில் ஓடும் இந்த வீதிகளைப் பிரெஞ்சுக்காரர் கைவண்ணம் என்று வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். ஆனால் அடிப்படை வரைபடம் டச்சுக்காரர்களுடையது. 1693இல் ஊரைப் பிடித்து 1699இல் திருப்பிக் கொடுப்பதற்குள் அவர்கள் போட்டுவைத்த திட்டம் அது. 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். அதனால் இன்று நாம் பார்க்கும் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை, ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி, 1765 வாக்கில் மறுபடி கட்டத் தொடங்கிய பிறகு எழுந்தவை.

ஊரை நடுவில் வகிர்ந்து ஓடுகிறது பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே வெள்ளைக்காரர்கள், மேற்கே தமிழர்கள் என்பது அன்றைய ஏற்பாடு. கிழக்குப் பக்கத்தை இன்றும் ‘ஒயிட் டவுன்’ என்று கூச்சமில்லாமல் விளம்பரப்படுத்துகிறார்கள். எனக்கு அது ஒவ்வாமல்தான் இருக்கிறது. மஞ்சள் மதில், உயரமான கதவு, உள்ளே தோட்டம் என்று வீதிக்கு முகம் காட்டாத வீடுகள் அங்கே. மேற்கே வீடு வீதியோடு பேசும். வழிப்போக்கரும் உட்காரலாம் என்று வெளியே ஒரு திண்ணை; அதன்மேல் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம்; செதுக்கிய நிலைக்கதவு; உள்ளே முற்றம். மாடி ஏறினால் பாணியே மாறிவிடும்: வளைவுகளும், இரட்டைத் தூண்களும், சாய்வுச் சட்டம் வைத்த ஜன்னல்களும் பிரெஞ்சு வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டவை. கீழே தமிழும் மேலே பிரெஞ்சுமாக ஒரே வீட்டில் கட்டியவர்கள் வேறெங்கும் அதிகம் இல்லை. நெருக்கமாகப் பார்த்தால் புதுச்சேரியின் தனிச்சொத்து இந்த வீடுகள்தான்.

அழிவதும் இவைதான். பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு 1984 முதல் இங்கே வேலை செய்கிறது. 1990களின் நடுவில் அது எடுத்த கணக்கில் பழமைச் சிறப்புள்ள கட்டடங்கள் சுமார் 1,800 இருந்தன. அதில் பெரும்பங்கு பிறகு காணாமல் போனது. கிழக்கே ஒரு மாளிகையில் விரிசல் விட்டால் செய்தியாகிறது. மேற்கே ஒரு செட்டியார் வீடோ முதலியார் வீடோ இடிபட்டால், பச்சைத் துணி கட்டிய சாரம் எழும்போதுதான் பக்கத்து வீட்டுக்கே தெரிகிறது.

இடிப்பவரைத் திட்டுவது எளிது. அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கும். மரச்சட்டத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகினால் சரிசெய்யத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை. கிடைத்தால் கூலி கட்டுப்படியாவதில்லை. சாலையை மேல்மேலாகப் போட்டு உயர்த்தியதில் திண்ணைப் படிகள் புதைந்துபோய், ஐப்பசி மழை வீதியிலிருந்து நேரே வீட்டுக்குள் இறங்குகிறது. இவற்றையெல்லாம் விடப் பெரிய முடிச்சு பாகப்பிரிவினை. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று உடன்படிக்கை சொன்னது. அப்படித் தேர்ந்தவர்களின் பிள்ளைகள், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா குடும்பங்களின் வாரிசுகள் பலர் இன்று பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் இருக்கிறார்கள். 1881 ஆணைப்படி தங்கள் சமூகத்தின் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் போன குடும்பங்களும் உண்டு; வாரிசுரிமையில் அவர்களுக்குத் தனி நடைமுறை. ஒரு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்காளிகள், இரண்டு நாடுகள், இரண்டு சட்டங்கள். கூரையைச் செப்பனிட எல்லோரும் சேர்ந்து பணம் போடுவது நடக்காத காரியம். விற்றுப் பங்கு பிரிப்பது நடக்கும். வாங்குபவர் மனைக்குத்தான் விலை கொடுக்கிறார். தூணுக்கும் கதவுக்கும் அல்ல. அவற்றைப் பிடுங்கி விற்கத் தனிக் கடைகள் இருக்கின்றன. அதே கதவைச் சென்னையில் ஏதோ ஓட்டல் வரவேற்பறையில் நீங்கள் பார்த்து ரசித்திருக்கலாம்.

சுற்றுலா இங்கே வில்லனாக மட்டும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விழ இருந்த பல வீடுகள் தங்கும் விடுதிகளாகித்தான் பிழைத்தன. பெருமாள் கோயில் வீதியில் ‘மேசன் பெருமாள்’ போன்ற விடுதி வந்த பிறகுதான், வாய்க்காலுக்கு மேற்கேயும் காசு கொடுத்துத் தங்க ஆள் வருவார்கள் என்று வீட்டுக்காரர்களுக்கு நம்பிக்கை வந்தது. தச்சருக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்காரருக்கும் வேலை திரும்பியது. அந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் இன்று எஞ்சியிருப்பது இன்னும் குறைவாக இருக்கும்.

ஆனால் விடுதி ஒன்று, ஹோம்ஸ்டே என்ற பெயரில் நடப்பது வேறொன்று. வீட்டுக்காரர் கீழே குடியிருந்து மாடியில் விருந்தாளிக்கு அறை விட்டால் வீதிக்கு ஒரு பொறுப்பாளி இருக்கிறார். இரவு பதினொரு மணிக்குப் பாட்டுச் சத்தம் அதிகமானால் கதவைத் தட்டலாம். முழு வீட்டையும் இணையத்தில் நாள் வாடகைக்கு விட்டுவிட்டு உரிமையாளர் வேறெங்கோ இருந்தால் யார் கதவைத் தட்டுவது? மாத வாடகை வாங்கிய இடத்தில் இரண்டு வார இறுதிகளில் அதைத் தாண்டி எடுத்துவிட முடியும் என்றால் யார்தான் ஆசிரியருக்கும் வங்கிக் குமாஸ்தாவுக்கும் வீடு கொடுப்பார்கள்? அவர்கள் புறநகரான லாஸ்பேட்டைக்கும் ரெட்டியார்பாளையத்துக்கும் போகிறார்கள். அவர்கள் போனால் மளிகைக் கடை போகிறது, இஸ்திரி வண்டி போகிறது. அந்த இடத்துக்குக் காபிக் கடையும், வாடகை ஸ்கூட்டர் நிலையமும் வருகின்றன. சாப்பாட்டோடு மதுவும் விற்கும் ரெஸ்டோ பார் பிரச்சினையும் இதே வரிசைதான். சுற்றுலா என்ற வகையில் உரிமம் கொடுத்துவிட்டார்கள்; கோயிலுக்கும் பள்ளிக்கும் பக்கத்தில், குடியிருப்புகளுக்கு நடுவில் என்று சொல்லிப் பல கட்சிகளும் குடியிருப்போரும் போராடிப் பார்த்தார்கள்.

வேறு வழி இல்லையா என்றால், ஊரே ஒரு முறை செய்து காட்டியிருக்கிறது. கல்வே சுப்பராயச் செட்டி வீதி என்கிற வைசியாள் வீதியில் 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஆசியா உர்ப்ஸ்’ திட்டம் நடந்தது. இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சூர்-லொத் ஆகிய இரண்டு சிறு நகரங்கள் புதுச்சேரியோடு கூட்டாளிகள். வீட்டுக்காரர் ஒரு பங்கு போட, திட்டம் மறு பங்கு போட, வரிசையாக வீடுகளின் முகப்புகளைச் சரிசெய்தார்கள். தாழ்வாரங்கள் திரும்பின. எனக்கு இதில் பிடித்தது பங்குப் பணம்தான். தன் காசைப் போட்டவர் அங்கேயே இருப்பார். இருந்தும் அந்த வேலை ஒரு வீதியின் காட்சிப் பொருளாகவே நின்றுவிட்டது. அடுத்த பத்து வீதிகளுக்கு அதே முறையில் ஆண்டுதோறும் சிறு தொகை ஒதுக்குவது எந்த அரசுக்கும் கவர்ச்சியாகப் படவில்லை. ரிப்பன் வெட்ட ஏதாவது பெரிதாக வேண்டும்.

பெரிதாகச் செய்வதன் விலையைக் கடற்கரையில் பார்க்கலாம். 1989இல் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல்லணைகள் போட்டார்கள். இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அணை அதைத் தடுத்துத் தெற்கே குவித்தது. ஊருக்கு முன்னால் இருந்த மணல்வெளி கரைந்து போனது. கடற்கரைச் சாலையைக் காக்கப் பாறைகள் கொட்டினார்கள். பாறை கொட்டிய இடத்தில் அலை நின்றது. அரிப்பு வடக்கே நகர்ந்து குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று ஏறி, மாநில எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பத்திலும் பொம்மையார்பாளையத்திலும் மீனவர் வீடுகளைத் தின்றது. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் இரும்புச் சட்டகத்தை இறக்கியது. மணல் ஓரளவு திரும்பியது. சுற்றுலாப் பயணி இப்போது மறுபடி காலை நனைத்துப் படம் எடுக்கிறார். துறைமுகம் வேண்டும் என்று முடிவெடுத்தபோது குப்பத்துக்காரரை யாரும் கேட்கவில்லை, மணல் வேண்டும் என்றபோதும் முதலில் நினைவுக்கு வந்தது நடைபாதைதான்.

ஒன்றை மட்டும் எல்லோரும் பாராட்டுவார்கள்: மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டி கிடையாது. பயணிக்கும் நல்லது, நடைப்பயிற்சி போகும் உள்ளூர்க்காரருக்கும் நல்லது. செலவும் அதிகம் இல்லை.

பெரிய மார்க்கெட் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையில், மணிக்கூண்டோடு இருக்கும் குபேர் அங்காடி அது. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின், 1738 வாக்கில் கட்டிய மாளிகை ஒட்டினாற்போல் நிற்கிறது. மீன், கறி, பூ, வாழை இலை, கீரை, பாத்திரம் என்று ஊரின் அடுப்பு எரிவது இங்கிருந்து. கூரை ஒழுகுகிறது, சாக்கடை அடைக்கிறது, தீப்பிடித்தால் வண்டி உள்ளே வர வழி இல்லை. இதையெல்லாம் வியாபாரிகளே சொல்வார்கள். 2017இல் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தபின், மொத்தமாக இடித்துக் கட்டும் திட்டம் வந்தது. எல்லோரும் தற்காலிக இடத்துக்குப் போங்கள் என்றது அரசு. பகுதி பகுதியாகக் கட்டுங்கள், நாங்கள் உள்ளேயே ஒதுங்கிக்கொள்கிறோம் என்றார்கள் வியாபாரிகள். கடையடைப்பு வரை போனது.

அவர்கள் பிடிவாதத்துக்கு ஒரு பின்னணி இருக்கிறது. 2020 கொரோனாவின்போது காய்கறிக் கடைகளைப் புதிய பேருந்து நிலையத்துக்கு மாற்றினார்கள். வாடிக்கை பிரிந்தால் என்ன ஆகும் என்பதை அன்று பார்த்துவிட்டார்கள். கீரை விற்கும் அம்மாவுக்கு ஆறு மாதம் இடம் மாறுவது என்பது தொழிலை விடுவதற்குச் சமம். புதிய கட்டடம் வரும்போது தரையில் உட்கார்ந்து விற்பவருக்கு அதில் இடம் எண் போட்டுக் கொடுப்பார்களா என்பது அவர்களது இன்னொரு பயம், நியாயமான பயம். மார்க்கெட் கலகலப்பாக, அசல் வாசனையோடு இருக்கிறது என்றுதான் வெளிநாட்டுப் பயணிகளும் அங்கே போகிறார்கள். கண்ணாடிக் கதவு போட்ட வணிக வளாகத்தைப் பார்க்க அவர்கள் கடல் கடந்து வரத் தேவையில்லை.

இந்தச் சச்சரவுகளில் ஓர் ஆள் எப்போதும் குறைகிறார்: வார்டு உறுப்பினர்.

பிரெஞ்சு ஆட்சியில், 1880லேயே தேர்தல் வைத்து நகரசபை அமைத்த ஊர் இது. மேயராக இருந்த எதுவார் குபேர் பிறகு முதலமைச்சரும் ஆனார்; கடற்கரைச் சாலைக்கும் மார்க்கெட்டுக்கும் அவர் பெயர்தான். 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்தது நடந்தது 2006இல், 38 ஆண்டுகள் கழித்து. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயம் என்று அரசியல் சட்டத்தின் 74ஆம் திருத்தம் சொல்லியும் அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்ததோடு சரி. 2021இல் தேதி அறிவித்தார்கள். வார்டு ஒதுக்கீட்டு வழக்கில் நின்றுபோனது. இதற்கிடையே 1870களின் தொடக்கத்தில் எழுந்த நகராட்சிக் கட்டடமான ‘மேரி’ 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழ, உலக வங்கி உதவியோடு அதே உருவில் மறுபடி கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். வேலைப்பாடு நன்றாகவே இருக்கிறது. மேயருக்கென்று கட்டிய கட்டடம் வந்துவிட்டது, மேயர் வரவில்லை.

எந்த வீதியில் குடியிருப்போர் வண்டிக்கு மட்டும் இடம், உரிமையாளர் குடியிருக்காத வீட்டுக்கு ஹோம்ஸ்டே உரிமம் உண்டா இல்லையா, வீட்டு வாசலில் படம் எடுக்கக் கட்டணம் வாங்கலாமா, அந்தக் கட்டணத்தைத் திண்ணை பழுதுபார்க்கக் கொடுக்கலாமா, மார்க்கெட்டில் முதலில் எந்த வரிசையை இடிப்பது: எல்லாமே சட்டமன்றத்தில் பேச முடியாத அளவுக்குச் சின்ன விஷயங்கள். அதே சமயம், ஒரு குடும்பம் அந்த வீதியில் இருப்பதா போவதா என்பதைத் தீர்மானிப்பவையும் இவைதான். இப்போதைக்கு அவற்றை மனுவாக எழுதி நகராட்சி ஆணையரிடம் கொடுக்கிறார்கள். ஆணையர் மாற்றலாகிப் போனால், புதியவரிடம் மறுபடி முதலிலிருந்து.