ஒரு பாக்கெட்... ஒரு லிட்டர்... அளவு தப்பினால் ஆபத்து!

வாந்தி, பேதி என்றால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைக்கிறோம். சரியாகத்தான் கரைக்கிறோமா?

மேடவாக்கத்தில் ஒரு வீடு. இரண்டு வயதுக் குழந்தைக்கு விடியற்காலையிலிருந்து ஆறு தடவை வயிற்றாலே போய்விட்டது. ‘‘தண்ணி குடுக்காதேடி, இன்னும் போகும்’’ என்கிறார் பாட்டி. அப்பா மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி வருகிறார். சீக்கிரம் சரியாகட்டுமே என்று அம்மா முழு பாக்கெட்டையும் ஒரே டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்குகிறார்.

மூவருக்குமே குழந்தை மேல் கொள்ளைப் பாசம். ஆனால், பாட்டி சொன்னதும் தப்பு. அம்மா செய்ததும் தப்பு!

வெயில் காலமோ, மழைக்காலமோ, லாரித் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் நம்பி வாழும் நம்ம புறநகர்ப் பகுதிகளுக்கு வயிற்றுப்போக்கு புதிதல்ல. 2024 டிசம்பரில் பல்லாவரம் பக்கம் வாந்தி, பேதியால் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது ஞாபகம் இருக்கும். அதனால் இந்த ‘அளவு’ விஷயத்தை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

மாவடு சொல்லும் பாடம்

மாவடு போடும்போது கவனித்திருப்பீர்கள். உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால், இரண்டு நாளில் வடு சுருங்கி, ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீர் வடுவுக்குள்ளிருந்து வந்தது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் நேர் எதிர்... ஊறிப் பருத்துவிடும். உப்போ சர்க்கரையோ எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும். அவ்வளவுதான் சூத்திரம்!

நம் உடம்பின் செல்களும் இப்படித்தான். பெரியவர்கள் எடையில் ஏறக்குறைய 60 சதவிகிதம் தண்ணீர். கைக்குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். இதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்கு உள்ளேயும், மீதி ரத்தம் போன்றவற்றில் வெளியேயும் இருக்கிறது. வெளியே சோடியம் அதிகம். உள்ளே பொட்டாசியம் அதிகம். ஆஸ்பத்திரியில் ஏற்றும் ‘நார்மல் சலைன்’ பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருப்பது இதனால்தான். வெறும் தண்ணீரை ரத்தத்தில் ஏற்றினால் சிவப்பணுக்கள் ஊதி வெடித்துவிடும்!

பேதியில் தண்ணீரோடு உப்பும் வெளியேறுகிறது. அப்போது வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். மூளைச் செல்கள் வீங்கும். கரைசல் கெட்டியாகிவிட்டாலோ, சோடியம் ஏறி மூளைச் செல்கள் சுருங்கும். இரண்டிலுமே வலிப்பு வரலாம். இப்போது புரிகிறதா, அந்த ஒரு டம்ளர் ஏன் ஆபத்து என்று?

1971-ல் நடந்த அதிசயம்

வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பங்கான் நகரில் காலரா கொத்துக் கொத்தாகப் பலி வாங்கியது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ், சாதாரண உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து தண்ணீரில் கரைத்து, வாய் வழியாகவே கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே டம்ளர் டம்ளராகப் புகட்டினார்கள். சுமார் 30 சதவிகிதமாக இருந்த இறப்பு, 3.6 சதவிகிதமாகக் குறைந்தது! 2022-ல் மறைந்த அவருக்கு 2023-ல் பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது.

ரகசியம் என்ன? பேதி நேரத்திலும் குடல் ஒரு வாசலை மூடுவதில்லை. குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து அதன் வழியே உள்ளே நுழையும். பின்னாலேயே தண்ணீரும் போய்விடும். ஒன்று மட்டும் வந்தால் வாசல் சரியாகத் திறக்காது. சர்க்கரை மிதமிஞ்சினால், உடம்பிலிருந்த தண்ணீரையும் குடலுக்கே இழுத்து, பேதியை அதிகமாக்கும். கூல்டிரிங்ஸ், பாட்டில் ஜூஸ் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சரியான ஓ.ஆர்.எஸ்.ஸில் லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்க வேண்டும். இது 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ஆனால், சர்க்கரை தூக்கலான சில பானங்களும் அந்தப் பெயரோடு விற்பனையாகி வந்தன. பானங்களின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற சொல்லே கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வாங்கும்போது அட்டையில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருக்கிறதா என்று பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

எப்படிக் கொடுப்பது?

* பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரை முதலில் அளந்து எடுங்கள். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர். காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் நல்லது.
* பாலிலோ, ஜூஸிலோ கலக்காதீர்கள். சர்க்கரை சேர்க்காதீர்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.
* ஒவ்வொரு தடவை வயிற்றாலே போனதும், இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி. அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக.
* தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர் கொடுக்கலாம்.
* பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு. கண் அளவு வேண்டாம்!
* இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அது ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்று ஆகாது. சிறுநீரகக் கோளாறு, இதயநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இரண்டையுமே குடிக்கக் கூடாது.

கண் குழிவிழுந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், குழந்தை துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தாலோ, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகிற வழியிலும் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

சமையலறையில் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைக் கழுவி, தனியாக எடுத்து வையுங்கள். பக்கத்திலேயே இரண்டு பாக்கெட். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது அளவு தேடி அலைய வேண்டாம், பாருங்கள்!