வீரப் பதக்கத்தை விற்கலாமா?

மட்டக்களப்புக் கடலின் ஆழத்தில் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் கிடக்கின்றது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் அதனை மூழ்கடித்தன. மாண்டோர் 307 பேர். இத்தகைய காலங்களில் தம்முயிரைப் பொருட்படுத்தாதோருக்கு நாடு அளிக்கும் நன்றியின் அடையாளமே வீரப் பதக்கம். அதனை விற்பது முறையா?

அப்போர் ஓய்ந்த 1945 செப்டெம்பரில், பெங்களூர் அருகே நடந்த பயிற்சியில் குண்டு ஒன்று வீரர்களுக்கு அண்மையில் விழுந்தது. அதனை எடுத்தெறிய விரைந்த நாயக் கிருபா ராம், தோழர்களைக் காத்துத் தாம் மடிந்தார். அவருக்களித்த ஜோர்ஜ் சிலுவைப் பதக்கம் 2002இல் அவருடைய மனைவியிடமிருந்து களவு போயிற்று. 2009இல் அது லண்டனில் ஏலத்துக்கு வந்தது. எதிர்ப்பு எழவே ஏலம் நிறுத்தப்பட்டது.

வறுமையால் தாலிக்கொடியை அடகு வைக்கும் தாயை நம்மூரில் எவரும் பழிப்பதில்லை. பசியால் பதக்கத்தை விற்கும் குடும்பமும் அவ்வாறே பழிக்குரியதன்று. வீரனைப் புகழ்ந்துவிட்டு அவன் வீட்டு உலையை மறந்த சமூகமே நாண வேண்டும். ஆயின் வாங்குவோருக்கு ஒரு கடமை உண்டு. விலையைக் கேட்குமுன், அப்பதக்கம் வந்த வழியைக் கேட்பதே அறமாகும்.