சாலையோரத்தில் நிற்க டிக்கெட் கிடையாது

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைச் சாலையோரம் நின்று பார்க்கக் கட்டணமே இல்லை. இத்தாலியின் ஜிரோ பந்தயமும் அப்படித்தான். ஆகவே ராஜபாளையம், சோழபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமிருந்து குடும்பத்தோடு போக நினைப்பவர்களிடம் யாராவது ‘பந்தய டிக்கெட்’ என்று ஒரு தொகை கேட்டால், அது எதற்கு என்று விசாரியுங்கள். பந்தயம் முடியும் இடத்தில் விருந்தினர் மேடைக்குக் கட்டணம் உண்டு. அதற்குத்தான் என்றால் எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டூர் நடப்பது ஜூலையில். அப்போது நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஜிரோ மே மாதத்தில், கோடை விடுமுறையிலேயே வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஜிரோதான் பொருத்தம் என்பேன்.

பணம் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் விசாவில். பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு 15 நாளில் வரலாம், 45 நாள் வரை இழுக்கவும் செய்யலாம். விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டு நிறையாத பிள்ளைகளுக்கு 45 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது. ‘விசா கேரண்டி’ என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்ப வேண்டாம். முடிவு தூதரகத்தின் கையில் மட்டுமே இருக்கிறது. அதைவிட ஆபத்து, போலி ஹோட்டல் புக்கிங்கையும் ஜோடித்த வங்கிக் கணக்கையும் ஏஜென்ட்களே வைத்து அனுப்புவது. விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது. போலி ஆவணம் என்று மறுக்கப்பட்டால், அந்தப் பதிவு ஷெங்கன் நாடுகளின் விசா கணினியில் ஐந்து ஆண்டு உங்கள் பெயரில் கிடக்கும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் வாங்கிப் படித்துப் பாருங்கள். மறுப்புக் கடிதத்தில் காரணம் குறிக்கப்பட்டிருக்கும். பிரான்ஸ் என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பாரிஸ் லா ஷாப்பெல் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கப்போகிறீர்களா? அவர் தம் ஊர் நகராட்சியில் வரவேற்புச் சான்று வாங்கி உங்களுக்கு அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் ‘வாங்க’ என்று சொன்னது செல்லாது.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருந்தாக வேண்டும். அப்பா அம்மாவுக்கு சுகர், பிரஷர் இருந்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அந்த பாலிசி பணம் தருமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பந்தயத்தின் பாதையும் தேதியும் மாறக்கூடியவை. 2013 ஜிரோவில் பனியால் ஒரு நாள் பந்தயமே ரத்தானது. 2019 ஜூலை 26 அன்று டூரில் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் வந்து வீரர்களை நடுவழியில் நிறுத்தினார்கள். 2020-இல் கொரோனாவால் டூரே ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிப்போனது. அதனால் அறையை, இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு மட்டும் பதியுங்கள்.

சாலையோரத்தில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். டூரில் வீரர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு விளம்பர வண்டிகள் தொப்பி, மிட்டாய் வீசிக்கொண்டே போகும். பிள்ளைகள் ஓடுவது அப்போதுதான். 2002-இல் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அப்படியொரு வண்டியில் அடிபட்டு இறந்தான். 2021-இல் கேமராவைப் பார்த்து அட்டையை நீட்டிய ஒரு பெண்ணால் வீரர்கள் கூட்டமாகச் சரிந்து விழுந்தார்கள். நீதிமன்றம் அவருக்கு 1,200 யூரோ அபராதம் விதித்தது. ஏதாவது ஆனால் ஐரோப்பாவில் அழைக்க வேண்டிய எண் 112.

திரும்பும் விமானம் ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து கிளம்பினால், எந்த நிறுவனத்தின் விமானமானாலும் அங்குள்ள சட்டம் பொருந்தும். நெடுந்தாமதத்துக்கு 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். மோசமான வானிலை போன்ற காரணங்களுக்குக் கிடைக்காது.

டிராவல்ஸ்காரர் ஏமாற்றினால் அவர் அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். நம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. புகாரை இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்தும் பார்க்கலாம். ஆணையம் கேட்பது ரசீது, ஒப்பந்தம், பேசிய செய்திகள். எனவே அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே அனுப்புங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதைப் பணம் போவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.