காலிப்பருக்கு வர்ணம் பூசுமுன்: ஆலங்குடா வாகன உரிமையாளர்கள் அறிய வேண்டியவை

கடலுக்கும் களப்புக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தில் இரும்புக்கு ஓய்வு கிடையாது. தென்மேற்குப் பருவக் காற்று பலமாக வீசும் மே முதல் ஒக்டோபர் வரையான மாதங்களில் ஆலங்குடாக் கரையோரம் நிறுத்திய வாகனத்தில் உப்புப் படிந்துகொண்டே இருக்கும். கடற்கரை மணலில் இறங்கி ஏறும் ஜீப்புக்கும், ஐஸ் கரைந்து உப்புநீர் வடியும் மீன் லொறிக்கும் இரட்டிப்புச் சேதம். அலோய் சக்கரத்தின் இடைவெளியில் பிரேக் காலிப்பர் செம்மண் நிறத்தில் துருவேறித் தெரிந்தால், அதற்குச் சிவப்போ மஞ்சளோ பூசிவிடலாம் என்று உரிமையாளருக்குத் தோன்றுவது இயல்பு. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் கையிலுள்ள பழைய வாகனத்தை எப்படியாவது காப்பாற்ற வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது.

வர்ணம் பூசும் ஆசையில் பிழை இல்லை. ஆனால் வர்ணம் துருவைத் தடுக்கவும் செய்யும், கோளாறை மறைக்கவும் செய்யும். எது நடக்கும் என்பதை, தூரிகையை எடுக்குமுன் செய்யும் வேலைதான் தீர்மானிக்கிறது.

எந்தத் துரு ஆபத்தானது?

நீங்கள் பிரேக் மிதிக்கும்போது எண்ணெயின் அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பிரேக் பெட்டை டிஸ்க்கில் அழுத்துகிறது. பெரும்பாலான கார்களில் காலிப்பர் இரண்டு வழிகாட்டிப் பின்களின் மேல் முன்னும் பின்னும் சறுக்கினால்தான் இரு பக்கப் பெட்டும் சமமாக அழுந்தும்.

காலிப்பரின் உடல் பெரும்பாலும் தடித்த வார்ப்பிரும்பு. அதன் வெளித்தோலில் படியும் துரு பார்வைக்கு அசிங்கமே தவிர, உடனடி ஆபத்து இல்லை. ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது: சறுக்கும் பின் இறுகிப்போவது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்து உள்ளே உப்பு நுழைவது, எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய இரும்புக் குழாய் அரித்து வெடிப்பது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், பனிக்காலத்தில் வீதிகளில் தூவும் உப்பால் வாகனங்களின் பிரேக் குழாய்கள் அரிக்கப்படுவதை ஆராய்ந்து, 2015இல் உரிமையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது: வாகனத்தின் அடிப்பகுதியைக் கழுவுங்கள், குழாய்களைப் பரிசோதியுங்கள். அங்கே பனிக்காலத்தில் மட்டும் நடப்பது இங்கே வருடம் முழுக்க நடக்கிறது.

வாகனம் ஒரு பக்கம் இழுப்பது, ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சூடாவது, பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்குவது, பிரேக் எண்ணெய் மட்டம் குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வர்ணப் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் பிரேக்கைத் திருத்துங்கள்.

பூசும் முறை

சக்கரத்தைக் கழற்றும்போது வாகனத்தை ஜாக்கில் மட்டும் விடாதீர்கள். உறுதியான தளத்தில் ஸ்டாண்ட் வைத்துத் தாங்க வேண்டும். மணல் தரையில் இந்த வேலையே கூடாது. பழைய பிரேக் பெட்டில் அஸ்பெஸ்டோஸ் இருக்கக்கூடும். ஆகவே தூசியைக் காற்றடித்து ஊதாமல், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். தளர்ந்த துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, எண்ணெய்ப் பசை போகும்வரை சுத்தம் செய்யுங்கள். இதில் அவசரப்பட்டால் வர்ணம் சில மாதங்களில் தோலாக உரிந்து, அதன் அடியில் உப்பு ஈரம் தங்கி, துரு முன்பைவிட வேகமாகப் பரவும்.

காலிப்பருக்கென்றே தயாரித்த, வெப்பம் தாங்கும் வர்ணத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். கதவுக்கோ வாகன உடலுக்கோ பூசும் சாதாரண வர்ணம் பிரேக் சூட்டில் கருகும். பிரேக் எண்ணெயும் வர்ணத்தைக் கரைத்துவிடும். கசிவு இருக்கும் காலிப்பரில் எந்தப் பூச்சும் நிற்காது. டிஸ்க்கின் முகம், பெட், பெட் உட்காரும் தடம், வழிகாட்டிப் பின்கள், ரப்பர் உறைகள், காற்று எடுக்கும் நிப்பிளின் வாய் ஆகிய இடங்களில் ஒரு சொட்டும் படக்கூடாது. பெட் தடத்தில் ஏறும் தடித்த பூச்சு பெட்டை இறுக்கிப் பிடித்து, பிரேக்கை விட்ட பிறகும் உரசவைக்கும்.

இரண்டு கலவைகளைச் சேர்த்துத் தெளிக்கும் வர்ணங்களில் உள்ள ஐசோசயனேட் வேலையாளுக்கு ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. அந்தக் கூலிக்காரரின் நெஞ்சும் உங்கள் பிரேக்கைப் போலவே பாதுகாக்கப்பட வேண்டியது.

வேலை முடிந்ததும் நட்டுகளை உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு முறுக்கி, பிரேக்கைச் சில தடவை மிதித்து, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே வீதிக்கு எடுங்கள்.

போலிச் சிவப்பு

பிரெம்போ என்ற இத்தாலிய பிரேக் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய பிளாஸ்டிக் உறைகளும் ஸ்டிக்கர்களும் சந்தையில் உண்டு. அவற்றால் பிரேக்கின் வலு கூடாது. சரியாகப் பொருந்தாத உறை சக்கரத்தில் உரசலாம், கழன்று விழலாம், சூடு வெளியேறுவதையும் தடுக்கலாம். பழைய வாகனம் வாங்கும்போது காலிப்பர் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால், சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விலகிவிடுங்கள்.

உங்கள் உரிமை, உங்கள் வழி

வருமான உத்தரவுப்பத்திரத்துக்காக வருடாவருடம் செய்யும் புகைப் பரிசோதனை, புகையை மட்டுமே அளக்கிறது. தனியார் கார் உரிமையாளர் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு பிரேக் நன்றாக இருப்பதாக நம்பிவிடக் கூடாது. பிரேக்கை நல்ல நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருள் வாங்குபவரை மட்டுமல்ல, சேவை பெறுபவரையும் காக்கிறது. சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்க வேண்டும் என்பதும், பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்கக் கூடாது என்பதும் அதன் விதிகள். முறைப்பாட்டை, பொருள் வாங்கிய அல்லது சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அதன் 1977 என்ற இலக்கத்தை அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

முறைப்பாட்டுக்குச் சான்று வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். என்ன வர்ணம், எந்தப் பாகம் கழற்றப்பட்டது, உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பெட்டையும் ரப்பரையும் கேட்டு வாங்குங்கள். கராஜ்காரர் பெரும்பாலும் ஊர்க்காரராகவே இருப்பார். முதலில் நேரில் பேசுங்கள். சரிவராவிட்டால் பிரதேச மத்தியஸ்த சபை செலவு குறைந்த வழி.

வர்ணம் பூசாதவர்களும் ஒன்றைச் செய்யலாம். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே சக்கரங்களையும் அடிப்பகுதியையும் நன்னீரால் கழுவுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் அடிக்காமல் ஆறிய பிறகு கழுவுங்கள். கரையோரக் கிணற்றுநீர் உவர்ப்பாக இருந்தால் அதில் பயனில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது சக்கரத்தைக் கழற்றி, பின்கள் சறுக்குகின்றனவா, உறை முழுதாக இருக்கிறதா, குழாய் அரித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதையெல்லாம் பார்த்துச் சரிசெய்த பிறகு பூசும் சிவப்பு, வாகனத்துக்கு அழகையும் தரும், இரும்புக்கு ஆயுளையும் தரும்.